பிஸ்டனுக்கு முன்னும் பின்னும்: பழைய ஏர் ரைபிளுக்கு எண்ணெய் இடும் முறை

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த ஓர் ஏர் ரைபிள் கைக்கு வந்ததும், தையல் எந்திரத்துக்கோ கதவுக் கீலுக்கோ விடுகிற எண்ணெயை அதில் தெரிகிற துளைகளிலெல்லாம் சொட்டுச் சொட்டாக விடத்தான் பெரும்பாலோருக்குக் கை போகிறது. இரும்பும் இரும்பும் உரசுகிற எந்திரத்துக்கு எண்ணெய் நல்லதுதானே என்ற அந்த எண்ணம் பாதிதான் சரி. சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கியில் பிஸ்டனுக்குப் பின்னால் இருப்பது சாதாரண எந்திரம். முன்னால் இருப்பதோ, ஒரு கண நேரம் டீசல் எஞ்சினைப் போல நடந்துகொள்ளும் அறை. பின்புறத்துக்கு மருந்தாக அமைகிற எண்ணெய் முன்புறத்தில் எரிபொருளாகிவிடுகிறது.

குழலையோ அதன் அடியிலுள்ள நெம்புகோலையோ மடக்கும்போது பிஸ்டன் பின்னோக்கி நகர்ந்து, சுருள்வில்லை அமுக்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விலகுகிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து எதிரிலுள்ள காற்றை நெருக்க, அந்தக் காற்று ஒரு சிறு துளை வழியே புகுந்து ஈயக் குண்டைத் தள்ளுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-இல் காப்புரிமைக்குப் பதிந்து, பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி நிறுவனம் 1905 முதல் தயாரித்த அடிநெம்புகோல் துப்பாக்கியும் இதே முறையில்தான் இயங்கியது. இன்று கடைக்கு வருகிற சுருள்வில் துப்பாக்கியிலும் அடிப்படை மாறவில்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். நெருக்கப்படும் காற்று வெப்பம் வெளியேற நேரமில்லாமல் சூடாகிறது என்பதே காரணம். ஏர் ரைபிளில் இது நொடியில் நூறில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை, வெப்பம் சிறிதும் வெளியேறாமல், அதன் கன அளவில் இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், கணக்குப்படி அதன் வெப்பநிலை ஏறத்தாழ 700 டிகிரியைத் தொடும். அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 66 மடங்காகும். உண்மையான துப்பாக்கியில் கசிவும் வெப்ப இழப்பும் உண்டு என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சாதாரண எந்திர எண்ணெயின் ஆவி தானாகப் பற்றிக்கொள்ள இதைவிட மிகக் குறைந்த வெப்பமே போதும்.

அப்படிப் பற்றுவதைத்தான் ஏர் ரைபிள்காரர்கள் டீசலிங் என்கிறார்கள். ஓரளவு எரிவது இயல்பானதே: ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்த சோதனைகளில் குண்டின் வேகம் குறைந்திருக்கிறது. அளவுக்கு மீறி எண்ணெய் சேரும்போதுதான் பட்டாசு போன்ற வெடியோசையும் குழல்வாயில் நீலப்புகையும் வருகின்றன. கேட்பவருக்குத் துப்பாக்கியின் பலம் கூடிவிட்டதாகத் தோன்றலாம். உள்ளே அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னோக்கி அடித்து, சுருள்வில்லை வளைத்து, பிஸ்டனின் தலையில் காற்று கசியாமல் அடைக்கும் வாஷரையும் கருக்குகிறது.

பழைய துப்பாக்கியைப் பிரிக்கும் முன் குழல் காலியாக இருப்பதையும் வில் ஏற்றப்படாமல் இருப்பதையும் உறுதி செய்ய வேண்டும். அத்துடன் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ஓய்வு நிலையிலும் சுருள்வில் சில சென்டிமீட்டர் அமுக்கப்பட்டே பொருத்தப்பட்டிருக்கும். கடைசி ஆணியை வெறுங்கையால் உருவினால் அது முகத்தை நோக்கிப் பாயக்கூடும். சுருள்வில்லை அழுத்திப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்துகிற திருகுக் கவ்வி இல்லாதவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. வெளியே எடுத்த வில்லை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால், வளைந்திருந்தால் தடுக்கித் தடுக்கி உருளும்.

பிஸ்டனின் தலையில் கிண்ண வடிவில் ஒரு லெதர் வாஷர் இருந்தால், பழுது பார்ப்பதில் பாதிக் கவனம் அதற்கே உரியது. வறண்ட வாஷர் கறுத்து, விளிம்பு உள்நோக்கிச் சுருங்கி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அந்த நிலைக்குப் போகாத வாஷரை, மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்தால் நார்கள் நெகிழ்ந்து, விளிம்பு மீண்டும் விரிந்து சிலிண்டர் சுவரைத் தழுவும். பொருத்தும் முன் மிகுதி எண்ணெயைப் பிழிந்து துடைத்துவிட வேண்டும். பிற்காலத்துச் செயற்கை வாஷருக்கு இந்த ஊறல் தேவையில்லை; விளிம்பில் மெல்லிய பூச்சு போதும்.

எளிதில் பற்றாது என்பதால் சிலிக்கோன் எண்ணெயை எல்லா இடத்துக்கும் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஃகும் எஃகும் பலத்த அழுத்தத்தில் உரசுமிடத்தில் அதன் படலம் தாங்காமல் அறுந்துவிடும். ஆகவே சுருள்வில்லுக்கும் கொக்கிக்கும் அது உதவாது. பிஸ்டனின் பின்பகுதி, கொக்கியின் முனை, நெம்புகோலின் கீல் ஆகியவற்றுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் ஏற்றது. சீட்டுக்கட்டின் சீட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அதன் அணு அடுக்குகள், எண்ணெய்ப் படலம் பிதுங்கி விலகிய பின்னும் உலோகத்தை உலோகம் தொடவிடாமல் காக்கின்றன. சுருள்வில்லுக்குத் தார் போல ஒட்டும் கெட்டி கிரீஸைப் பூசினால், சுட்டதும் எழும் 'டொயிங்' என்ற அதிர்வு அடங்கும். அதை அப்பிவைத்தாலோ வில்லின் வேகமே குறைந்துபோகும்.

வெளித்துருவை எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்தால் சிவப்புத்துரு மட்டும் போய், அடியிலுள்ள கருநீலப் படலம் பெரும்பாலும் தங்கிவிடும். உப்புத்தாளை இதற்குத் தொடவே கூடாது.

பூட்டிய பின் குண்டு இல்லாமல் சுட்டுப் பார்க்கத் தோன்றும். பிஸ்டன் சிலிண்டரின் முடிவில் மோதாமல் காப்பது, குண்டு அடைத்து நிற்பதால் நெருங்குகிற காற்று மெத்தைதான். குண்டில்லாவிட்டால் காற்று முன்னதாகவே வெளியேறிவிட, பிஸ்டன் இரும்பில் நேராக அறையும். ஆகவே குண்டைப் போட்டு, பின்னால் உறுதியான தடுப்புள்ள இலக்கை நோக்கியே சுட வேண்டும். முதல் சில குண்டுகளுக்குப் புகையும் கருகல் வாடையும் வருவது வழக்கம். வாஷரில் மிஞ்சிய எண்ணெய் எரிந்து தீரத் தீர, வெடியோசை தணிந்து, கனமான 'தொப்' என்ற ஒலியாக நிலைபெறும்.