பின் பிரேக்கில் பேடு மட்டும் மாற்றினால் போதாது

சென்ற மாதம் திருவொற்றியூர்க்காரர் ஒருவர் தமது காரைத் தண்டையார்பேட்டையில் உள்ள எனது பட்டறைக்குக் கொண்டுவந்தார். பின்பக்க இடது சக்கரத்தில் உராயும் சத்தம் கேட்பதாகவும், எட்டு மாதங்களுக்கு முன்புதான் வேறோர் இடத்தில் பின் பிரேக் பேடுகளை (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பிரேக் கட்டைகளை) மாற்றியதாகவும் சொன்னார். சக்கரத்தைக் கழற்றியபோது வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. உள்பக்கப் பேடோ இரும்புத் தகடு வரை தேய்ந்து, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் உட்புறத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தது. சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப்பேடு மட்டுமே தெரியும் என்பதால், இத்தனை நாளும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

குற்றம் பேடில் இல்லை. பெரும்பாலான கார்களின் பின் காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியில்) ஒரே ஒரு பிஸ்டன்தான் உண்டு. அது உள்பேடை டிஸ்க்கின் மேல் அழுத்த, காலிப்பர் ஸ்லைடு பின்கள் எனப்படும் இரண்டு கம்பிகளின் மீது நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்துக்கொள்ள வேண்டும். அவர் வண்டியில் கீழ் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறையான பூட் கிழிந்து, உள்ளே உப்புக் காற்றும் மழைநீரும் புகுந்து, அந்த ஸ்லைடு பின் துருவேறி அசையாமல் இறுகிப்போயிருந்தது. அதனால் காலிப்பர் நகராமல் உள்பேடு மட்டுமே தேய்ந்திருக்கிறது. சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தோம். காப்பிப் பொடி போல் துரு கொட்டியது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்னும் அதிகமாகவே பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன் பிரேக்குகளே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. பின் பிரேக் அவ்வளவாகச் சூடேறுவதில்லை, எனவே அதில் தங்கிய ஈரமும் எளிதில் காய்வதில்லை.

ஆகவே பேடு மாற்றும்போதெல்லாம் இரண்டு பின்களையும் உருவித் துடைத்து, கிழிந்த பூட்டை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவ வேண்டும். சாதாரண கிரீஸில் உள்ள எண்ணெய் ரப்பரை உப்பவைத்துவிடும்.

அடுத்தது பிஸ்டன். புதிய பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். முன் காலிப்பரில் கிளாம்ப் போட்டு அழுத்தலாம். ஆனால் ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேரும் பின் காலிப்பரில் பிஸ்டனைத் திருகியபடியேதான் உள்ளே செலுத்த வேண்டும். அவசரத்தில் கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளிருக்கும் திருகு அமைப்பு கெட்டு, மேம்பாலச் சரிவில் ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போகும். பொத்தானை அழுத்தி ஹேண்ட் பிரேக் போடும் வண்டிகளிலோ முதலில் சர்வீஸ் மோடுக்கு (பழுதுபார்ப்பதற்கான நிலைக்கு) கொண்டுசென்று ஹேண்ட் பிரேக் மோட்டாரைப் பின்வாங்க வைக்காமல் காலிப்பரைத் தொடவே கூடாது.

கழற்றிய காலிப்பரைப் பிரேக் எண்ணெய் வரும் குழாயான ஹோஸில் தொங்கவிடும் பழக்கத்தைப் பல இடங்களில் கண்டு வருந்தியிருக்கிறேன். ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வைக்க ஒரு நிமிடம் போதும். டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்க்கோ பேடோ, மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாகப் பிடிக்காது. வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டிப்படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் மிதியில் பெடல் தரை வரை இறங்கும் என்பது தெரியாமல் பட்டறை வாசலிலேயே முன்வண்டியில் மோதியவர்கள் உண்டு.

அவருடைய பழைய பேடுகள் நான்கையும் மேசை மீது வரிசையாக வைத்துக் காட்டினேன். வலப்பக்கத்து உள்பேடும் வெளிப்பேடைவிட 2 மில்லிமீட்டர் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பக்கத்து ஸ்லைடு பின்னும் இறுகத் தொடங்கியிருந்தது. எந்தப் பட்டறையில் வேலை பார்த்தாலும் பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், ஸ்லைடு பின்னை உருவிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.