பண்டிகைக் கைவேலையில் பிள்ளையின் பங்கு எவ்வளவு?

பண்டிகை நெருங்கினால் தரம் 1, 2 வகுப்பறைச் சுவர்கள் நிறைந்துவிடும். வெசாக் பண்டிகைக்குச் செய்யும் கடதாசி விளக்குகளான வெசாக் கூடுகள் 35 தொங்கும், 35உம் ஒரே அச்சு. டீச்சர் வெட்டி, அம்மா ஒட்டி, பிள்ளை பெயரை மட்டும் எழுதியவை. பார்க்க அழகுதான். ஆனால் இந்த வயதில் கைவேலை கொடுப்பதே பிள்ளை வெட்டவும் மடிக்கவும் எண்ணவும் அளக்கவும் பழக வேண்டும் என்பதற்காக. அந்த நான்கையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் காத்திருப்பு. கோணல்மாணலான கூடு சுவரில் தொங்கட்டும். அது பிள்ளை வேலை செய்ததற்கான சான்று.

முதலில் கைக்கு எது முடியும் என்று பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளை நேர்கோட்டில் வெட்டும்; வளைவு சிலருக்கு இன்னும் கடினம். இரண்டாக மடித்த ஏ4 தாளை வெட்டும்; நான்காக மடித்தால் கத்தரிக்கோல் வழுக்கும். பிரிஸ்டல் போர்ட் அந்தக் கைக்கு விறைப்பு அதிகம். இடக்கைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரிக்கோல் வெட்டாமல் தாளை மடிக்கும். அதைப் பிள்ளையின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு இருந்தால் போதும்.

தரம் 1க்கு மடித்து வெட்டும் கூடு பொருத்தம். ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து, திறந்த ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள். அதுதான் 'நில்' கோடு. மடிப்புப் பக்கத்திலிருந்து 2 செ.மீ.க்கு ஒரு வெட்டு, கோடு வரை. விரித்துச் சுருட்டி ஒட்டினால் கூடு. கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டால் கிழிந்துபோகும், அது டேப் போட்டுச் சரிசெய்யக்கூடியது. உண்மையில் வேலையைக் கெடுப்பது திறந்த ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்குவது. விரித்தால் கூடாக நிற்காது, இரண்டு ஓரத்திலும் கீற்றுகள் தொங்கும். வெட்டத் தொடங்குமுன் "மடிப்பைத் தொட்டுக் காட்டுங்கோ" என்று வகுப்பு முழுவதையும் ஒருமுறை கேட்டால் பாதித் தாள் மிச்சம்.

தரம் 2இல் எண்பட்டைக் கூட்டுக்கே போகலாம். வெசாக் காலத்தில் கொழும்பு வீதியோரமெங்கும் விற்பனைக்குத் தொங்கும் அந்த வடிவத்துக்குள் ஒரு முழுக் கணிதப் பாடம் இருக்கிறது: 24 சம அளவுக் குச்சிகள், 6 சதுரங்கள், 12 முடிச்சுகள், இடையில் தானாக விழும் 8 முக்கோணங்கள். ஈர்க்கும் மூங்கிலும் சின்னக் கைக்குக் கடினம். சுமார் 11 செ.மீ. நீளமான ஐஸ்கிரீம் குச்சி எடுங்கள். ஆறு பேர் ஒரு குழு, ஆளுக்கு நாலு குச்சி, ஆளுக்கு ஒரு சதுரம். நாலு, எட்டு, பன்னிரண்டு என்று குச்சிகளைப் பங்கிடும்போதே நாலாம் வாய்ப்பாடு வந்துவிடும்.

ஒட்டிய சதுரம் பெரும்பாலும் சாய்சதுரமாக இழுபடும். நான்கு குச்சிச் சட்டத்துக்கு இயல்பாகவே உறுதி கிடையாது, மூலையில் ஆடும். பசை காயுமுன் ஒரு புத்தகத்தின் மூலையை உள்ளே வைத்துப் பார்த்து, உடனே டிசு கடதாசியை ஒட்டினால் சட்டம் இறுகும். கடதாசியின் நான்கு மூலைகளையும் 1 செ.மீ. அளவு வெட்டிவிடுங்கள், நூல் போக இடம் வேண்டும். நான்கு சதுரங்களை மூலையில் நிற்கும்படி வைத்து, பக்க மூலைகளைக் கட்டி வளையமாக்குங்கள். பின்பு மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம். பிள்ளை பிடிக்கட்டும், முடிச்சை மட்டும் டீச்சர் போடலாம். கட்டி முடித்ததும் "முக்கோணத்தை யார் செய்தது?" என்று கேளுங்கள். யாரும் செய்யவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

டிசு கடதாசியின் சாயம் ஈரப் பசையில் கசிந்து வெள்ளைச் சீருடையில் ஏறும். அன்றைக்கு மேலே போட ஒரு பழைய சேர்ட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பசைக்கு, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முக்கால் கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் பளபளப்பு வரும்வரை கிண்டினால் ஒரு வகுப்புக்குக் காணும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்று காய்ச்சுங்கள். தீபாவளி அகலுக்கு உப்பும் மாவும் கலந்து பிசைவதும் இதே காரணத்தால் இங்கே சரிவராது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, காய்ந்த விளக்கையும் பிசுபிசுக்க வைக்கும். களிமண்ணே நல்லது, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் விளிம்பு வெடிக்கும், நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

கொழும்பின் முருகன் திருவிழாவான ஆடிவேலுக்கு, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போகும் நாட்களில், உருளும் தேர் செய்விக்கலாம். சின்னப் பால் பெட்டி, நான்கு போத்தல் மூடி, அச்சுக்கு இரண்டு ஈர்க்கு, பெட்டிக்கு அடியில் டேப்பால் ஒட்ட இரண்டு ஸ்ட்ரோ துண்டு. ஈர்க்கைப் பெட்டியிலேயே ஒட்டிவிட்டால் சக்கரம் சுற்றாது, தேர் இழுபடும். ஈர்க்கு ஸ்ட்ரோவுக்குள் தளர்வாகச் சுழல வேண்டும். மூடியின் நடுவைக் கண்டுபிடிக்க, அதைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டி இரண்டு தரம் மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புகள் வெட்டும் இடமே நடு. துளையைப் பெரியவர் போடட்டும். நடு தவறினால் தேர் நொண்டும், ஸ்ட்ரோக்கள் சமாந்தரமாக இல்லாவிட்டால் வளைந்து போகும். ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடம் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

நோன்புப் பெருநாள் அட்டைக்குப் பிறை வேண்டுமா? ஒரே மூடியைச் சற்றுத் தள்ளி இரண்டு தரம் வரைந்தால் பிறை. நத்தாருக்கு இரண்டு முக்கோணத்தில் ஒரு நட்சத்திரம். கொழும்பு வகுப்பறைகள் பலவற்றில் வெவ்வேறு சமயப் பிள்ளைகள் இருப்பதால், உருவப்படத்தை விட்டு வடிவத்தை எடுத்தால் எந்தப் பிள்ளையும் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வாரம் முன்னரே சொல்லுங்கள். முந்தின இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் மினுக்குத்தூள் கேட்டால் எந்த அம்மா புறக்கோட்டைக்கு ஓடுவார்? பால் பெட்டி, மூடி, பழைய பத்திரிகை என்று வீட்டில் இருப்பதையே கேளுங்கள்.

கூட்டுக்குள் மெழுகுதிரி வைக்க விடாதீர்கள். அதற்குப் பதில் வரும் எல்.ஈ.டி. மெழுகுதிரியிலும் கவனம் வேண்டும்: உள்ளே இருக்கும் நாணய வடிவப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகலாம். பற்றரி மூடி ஸ்க்ரூவால் இறுக்கப்படாத விளக்கு வகுப்புக்குள் வரக்கூடாது. விழுங்கியிருப்பார் என்று சந்தேகம் வந்தாலே, வலி வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கைவேலைக்குச் சேர்த்த சிரட்டை, யோகட் கோப்பை, மூடிகளை வெளியே விடவேண்டாம். வெசாக் முடிந்தபின் தொடங்கும் மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கினால், நுளம்புக் குடம்பி முதிர ஒரு வாரம் போதும். தேவையானதைக் கழுவி உள்ளே கவிழ்த்து வையுங்கள், மிச்சத்தை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.