மேனிஃபோல்ட் ஸ்டட் ஏன் ஓரத்தில் முறிகிறது?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். வண்டி சூடேறியதும் அடங்கிவிடும். பெங்களூரில் பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பலர் இதை டேப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வைச் சரிபார்க்கச் சொல்வார்கள். முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரி படிந்திருந்தால் புகை கசிகிறது. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் நிற்கிறது.

பழி, இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி, மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரை போட்ட கம்பியான ஸ்டட்தான். வார்ப்பிரும்பு மீட்டருக்கு, 100 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 1.1 மி.மீ. நீளும். 40 செ.மீ. நீள மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். தண்ணீர் ஓடும் ஹெட் அரை மி.மீ.கூட நீளாது. நடுவிலிருந்து கணக்கிட்டால் ஒவ்வோர் ஓரமும் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. நகர வேண்டும். அதற்காகவே மேனிஃபோல்ட் துளையை ஸ்டட்டைவிடப் பெரிதாக வைக்கிறார்கள். அந்த இடைவெளியைத் துரு அடைத்துவிட்டால் ஓர ஸ்டட் வளைந்து வளைந்தே முறியும்.

கழற்றுவதற்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். பேட்டரி ஒயரையும் கார்புரேட்டரையும் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, எண்ணெயைத் துடைத்த பிறகே கேஸ் டார்ச்சைத் தொடலாம். சூடாக்க வேண்டியது நட்டை. வரவில்லை என்றால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் எண்ணெய். மீறி முறிந்து, துண்டு வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் சூடே துருப்பிடிப்பை உடைத்துவிடும். ஹெட்டோடு மட்டமாக முறிந்தால் லேத் பட்டறைதான். உள்ளே ஈசி-அவுட்டையும் (முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கடினமான கருவி) முறித்துவிட்டால் சாதாரண டிரில் அதைத் தொடாது.

ஜே.சி. ரோட்டில் புது ஸ்டட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இது 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. கடையில் கிடைக்கும் 8 மி.மீ. ஸ்டட் பார்க்க அதே மாதிரி இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு ஹெட்டின் மரையைத் தின்றுவிடும். நட் பித்தளையில் வாங்குங்கள். அது துருப்பிடித்து ஒட்டாது.

பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள். மேனிஃபோல்ட் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் மில்லிங் செய்து முகத்தை மட்டமாக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: இந்த எஞ்சினில் ஒரே பெரிய வாஷர், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்லெட் மேனிஃபோல்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இரண்டின் ஃபிளாஞ்சையும் (ஹெட்டோடு ஒட்டும் விளிம்பு) சேர்த்து அழுத்துகிறது. ஒன்றை மட்டும் தேய்த்தால் வாஷர் சாய்ந்து, மெலிந்த பக்கம் கசியும். எக்ஸாஸ்ட் பக்கம் புகை. இன்லெட் பக்கமானால் வெளிக்காற்று நுழைந்து ஐட்லிங் தடுமாறும். இரண்டையும் ஒன்றாக மாட்டியே மில்லிங் செய்யச் சொல்லுங்கள்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக, சுமார் 20 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முழுக்க ஆறியதும் புது கேஸ்கெட் படிந்திருக்கும். அப்போது ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.