குடல் நுண்ணுயிரி: ஒரு சொல் விளக்கம்

சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் நடந்த உடல்நல உரையைத் தமிழில் பெயர்த்துச் சொன்னவர், "உங்கள் குடலில் நல்ல கிருமிகள் வாழ்கின்றன" என்றபோது, என் அருகில் அமர்ந்திருந்த பாட்டி, "அப்படின்னா பூச்சி மருந்து சாப்பிடக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். கேட்ட சொல்லை அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

கிருமி என்பது வடமொழிச் சொல். அதன் முதற்பொருள் புழு. சித்த மருத்துவத்தில் குடற்கிருமி என்றால் வயிற்றுப் புழுதான். இராமானுசரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு கூறும் சோழனுக்குக் கிருமிகண்டன் என்று பெயர் வந்ததும், கழுத்தில் புழு உண்டானவன் என்ற பொருளில்தான். பிற்காலத்தில் இச்சொல் கண்ணுக்குத் தெரியாத நோய்க் காரணிகளுக்கும் பெயராயிற்று. கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூர்த் தமிழர் நாள்தோறும் கேட்ட ‘கிருமித்தொற்று’ அப்பொருளில் மிகப் பொருத்தமானது. புழுவும் நோயும் இப்படி ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு ‘நல்ல’ என்று அடைமொழி சேர்ப்பதால் அவை நீங்கிவிடுவதில்லை.

அந்த உரையில் ‘கிருமி’ எனப் பெயர்க்கப்பட்ட பாக்டீரியா என்பதன் கிரேக்க மூலத்துக்குச் சிறு கோல் என்று பொருள். 1828இல் எரன்பர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் அப்பெயரை வழங்கினார். அதைக் ‘கோலுயிரி’ எனலாம்தான், ஆயினும் உருண்டையாகவும் சுருளாகவும் பல பாக்டீரியாக்கள் இருப்பதால் அது என் மனத்துக்கு ஒப்பவில்லை. 1878இல் பிரெஞ்சு மருத்துவர் செடியோ ஆக்கிய ‘மைக்ரோப்’ என்ற சொல்லில் சிறுமையும் உயிரும் இணைந்துள்ளன; நுண்மை, உயிர் என்று உறுப்புக்கு உறுப்பு அதற்கு நேராக நிற்பது நுண்ணுயிரி. நன்மை தீமை எதையும் முன்கூட்டிச் சொல்லாததே அச்சொல்லின் சிறப்பு. ஈஸ்ட் போன்ற பூஞ்சைகளும் அதில் அடங்கும் என்பதால், பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் பாக்டீரியா என்றே எழுதலாம்.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன் பாக்டீரியாக்களும் 30 டிரில்லியன் மனித உயிரணுக்களும் இருப்பதாக 2016இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருங்குடலில் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் முதலிய கொழுப்பு அமிலங்களாக மாற்றிக் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாக்குகின்றன. ‘மைக்ரோபயோம்’ என்று ஆய்வாளர் குறிப்பது, மரபணுக்களோடு சேர்ந்த இக்கூட்டம் முழுவதையும். அதற்குக் ‘குடல் நுண்ணுயிர்த் தொகுதி’ என்பதே தகும்.

பாட்டியிடம், "பாலுக்கு உறை ஊத்துறீங்களே, அந்த உறைமோர்ல இருக்கிற உயிர் மாதிரி" என்றேன். தயிர் தோய்க்கத் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.