ஜல்லோ: மஞ்சள் என்று மொழிபெயர்க்கக் கூடாத மஞ்சள்

இத்தாலிய மொழியில் ‘ஜல்லோ’ என்றால் மஞ்சள். துப்பறியும் கதைக்கும் அதே பெயர்தான். எழுத்தில் நடுவே ஓர் இகரம் இருப்பதால் ‘ஜியால்லோ’ என்று எழுதத் தோன்றும். அந்த இகரம் ‘ஜ’ ஒலியைக் காட்டுவதற்காக நிற்கிறது, வாயில் வராது. பன்மை ‘ஜல்லி’. லாரியில் வந்து கொட்டும் சரக்கு நினைவுக்கு வந்தாலும் சரியான வடிவம் அதுதான்.

கொலைக்கும் மஞ்சளுக்கும் என்ன உறவு? அட்டையைத் தவிர வேறொன்றுமில்லை. மிலான் நகரத்து மொண்டடோரி பதிப்பகம் 1929இல் துப்பறியும் நாவல்களுக்கென்று ஒரு வரிசையைத் தொடங்கி, அட்டைக்கு மஞ்சள் வண்ணம் பூசி, ‘மஞ்சள் புத்தகங்கள்’ என்றே பெயரும் வைத்தது. முதல் வெளியீடு எஸ். எஸ். வான் டைன் என்ற அமெரிக்கருடையது. தொடக்க நூல்களில் அன்னா காதரின் கிரீன் எழுதிய ஒன்றும் உண்டு. இந்த அம்மையார் 1897இலேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற பாத்திரத்தைப் படைத்தவர். நள்ளிரவில் பக்கத்து வீட்டு வாசலில் குதிரை வண்டி வந்து நின்றால் படுக்கையை விட்டு எழுந்து ஜன்னலுக்கு ஓடும் மணமாகாத பெண்மணி அவர். தமக்கு வம்பில் நாட்டமே கிடையாது என்று சாதிக்கவும் செய்வார். பிற்காலத்தில் வந்த துப்பறியும் பாட்டிகள், அத்தைகள் எல்லோருக்கும் அவர் ஒரு மூதாய்.

வாசகர்கள் கடையில் ‘மஞ்சள் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். நகல் எடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்பதுபோல, ஒரு வரிசையின் பெயர் ஓர் இலக்கிய வகைக்கே பெயராகிவிட்டது. பாசிச அரசுக்கு இந்த வகை உறுத்தலாகவே இருந்தது. வெளிநாட்டாரை மட்டும் அச்சிட்டால் போதாது, இத்தாலியர்களையும் சேர்க்க வேண்டும் என்று நெருக்கியது. 1931இல் அலெஸ்ஸாண்ட்ரோ வரால்டோவின் நாவல் அந்த வரிசையில் வந்தது. 1941இல் வரிசையையே நிறுத்தவைத்தார்கள். சொல்லை நிறுத்த முடியவில்லை. போருக்குப் பிறகு வரிசை திரும்பி வந்தபோது, சொல் அதற்காகக் காத்திருந்தது.

மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்தால் இந்த வகைக்குக் கரைக்கொரு நிறம். பிரான்சிலும் 1927 முதலே மஞ்சள் அட்டையில் ஒரு துப்பறியும் வரிசை இருந்தது. ஆனால் அங்கே மஞ்சள் ஒட்டவில்லை. 1945இல் தொடங்கிய ‘கறுப்பு வரிசை’ வென்றது. ஸ்பெயினிலும் ‘கறுப்பு நாவல்’தான். கிரேக்கர்கள் நிறத்தின் பக்கமே போகாமல் ‘போலீஸ் நாவல்’ என்கிறார்கள். கதையில் துப்பறிபவர் ஓய்வுபெற்ற தையல்காரராக இருந்தாலும் அது போலீஸ் நாவல்தான்.

இத்தாலியில் வேடிக்கை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. சிசிலித் தீவின் பலேர்மோவில் இயங்கும் செல்லெரியோ பதிப்பகத்தின் சிறிய நூல்களுக்கு அட்டை கருநீலம். ஆந்திரேயா கமில்லெரியின் புகழ்பெற்ற மொந்தல்பானோ கதைகள் 1994 முதல் அந்த நீல அட்டையில்தான் வந்தன. கடையில் மஞ்சள் கேட்டால் நீலத்தை எடுத்துத் தருவார்கள். யாருக்கும் குழப்பம் இல்லை. செய்தித்தாள்களிலும் அப்படியே. பிணம் கிடைத்து ஆள் சிக்காத எந்த வழக்கும் தலைப்பில் ஜல்லோதான்.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கல்பினுஸ்’. பச்சை கலந்த மஞ்சளைக் குறித்த சொல் அது. பழைய பிரெஞ்சு வழியாக இத்தாலிக்கு வந்தபோது ஜல்லோ ஆயிற்று. அதே வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘ஜாண்டிஸ்’, அதாவது மஞ்சள் காமாலை, பிறந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற நம் பழமொழியை இந்தக் கதைகளின் கிழட்டுத் துப்பறிவாளர்களுக்கென்றே யாரோ சொல்லிவைத்ததுபோல் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வரவில்லையென்றால் அவர்களுக்கு அது கொலை. அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று யாராவது சொன்னால் முகம் வாடிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘மஞ்சள் நாவல்’ என்று எழுதினால் தீர்ந்தது கதை. நம்மிடம் ‘மஞ்சள் பத்திரிகை’ என்ற சொல் ஏற்கெனவே குடியிருக்கிறது. அது நியூயார்க்கிலிருந்து வந்த வேறொரு மஞ்சள், அவதூறு விற்பது. ‘மஞ்சள் புத்தகம்’ என்றால் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பது. மஞ்சள் கடிதாசி கொடுத்தான் என்றால் திவாலானான் என்று பொருள். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் தடவினாலோ மங்கலம். இத்தனை மஞ்சளுக்கு நடுவே ஒரு கொலைக்கு இடமில்லை.

‘மர்மக் கதை’ கெட்ட சொல் அல்ல. வடமொழியில் மர்மம் என்பது உயிர்நிலை, அடிபட்டால் ஆள் போகும் இடம். நம் வர்மமும் அதுவே. நாளிதழ்த் தலைப்பில் வரும் ஜல்லோவுக்கு ‘மர்மம்’ கச்சிதமாகப் பொருந்தும். ஏரியில் கிடைத்த பிணத்தைப் பற்றிய ஜல்லோ தமிழில் ‘ஏரி மர்மம்’. கதை வகைக்கு மட்டும் ‘துப்பறியும் கதை’ என்பதையே நான் எடுத்துக்கொள்வேன். ஒற்றன் என்ற பழஞ்சொல் உதவாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் சொல்லும் ஒற்றர் அரசனின் ஆள். ‘புலனாய்வு’ காவல் துறையின் கோப்புக்குள் போய்விட்டது. துப்புதான் யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் கிடக்கிறது, எடுப்பவர் எடுக்கலாம்.

அந்தச் சொல்லுக்குப் பழைய நூல்களில் வலிமை என்று பொருள் உண்டு. ‘துப்பார்க்குத் துப்பாய’ என்று நாக்கைச் சுழற்றும் குறளில் அது உணவு. ‘துப்புக்கெட்டவன்’ என்று திட்டும்போது திறமை. பவளம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. சம்பந்தமில்லாமல் ஒன்று: முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளத்துக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. ஒரு கணக்கில் துப்பு அங்கிருந்து முன்பே வந்திருக்கிறது.

இனி நகைச்சுவை ஜல்லோ, அதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். மார்க்கோ மால்வால்டி என்ற வேதியியலாளர் 2007இல் தொடங்கிய ‘பார்லூமே’ கதைகளில் கொலையை நோண்டுபவர்கள் ஓய்வூதியம் வாங்கும் நான்கு கிழவர்கள். தஸ்கனிக் கடலோரத்தில் கற்பனையான ஒரு சிற்றூர், அங்கே ஒரு காப்பிக்கடை, மேசையில் சீட்டுக்கட்டு. அவர்களில் ஒருவரின் பேரன்தான் கடைக்காரன். யோசிப்பது அவன், ஊர் வம்பைக் கொண்டுவந்து கொட்டுவது கிழவர்கள். காவல் துறைக்கு வாரக்கணக்கில் கிடைக்காத தகவல் அங்கே ஒரு கோப்பைக் காப்பி ஆறுவதற்குள் கிடைத்துவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டட வேலையை வேடிக்கை பார்த்துக் குறை சொல்லும் முதியவருக்கு இத்தாலியில் ‘உமரெல்’ என்று தனிச்சொல்லே உண்டு. போலோன்யா வட்டார வழக்கில் பிறந்து அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருப்பது நம் ஊர் ஜல்லியை, மால்வால்டியின் கிழவர்கள் கிளறுவது அவர்கள் ஊர் ஜல்லியை.

இவர்களை ‘அமெச்சூர் துப்பறிவாளர்’ என்று எழுதுவது வழக்கம். ‘தொழில்முறை சாராத’ என்பது அரசாணை வாசகம்போல் கனக்கிறது. ‘திண்ணைத் துப்பறிவாளர்’ என்று எழுதிப் பார்க்கலாம். திண்ணைப் பேச்சு என்றதும் வேலையற்ற நேரம், வயது, வம்பு, யாரும் கேட்காத தீர்ப்பு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இந்த நகைச்சுவை வகைக்கு ‘திண்ணைத் துப்பு’. காப்பிக்கடையில் திண்ணை ஏது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அட்டை நீலமான பிறகும் மஞ்சள் என்றே சொல்லிக்கொண்டிருக்கும் இத்தாலியர்களிடம் அவர்களை அனுப்பிவைக்கலாம்.