பொதுச் சாதாரணப் பரீட்சை 27

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கிழமை ஒரு பொடியன் அம்மம்மாவோடு என்னைத் தேடி வந்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளை, தாய் குவைத்தில், கலைப்பிரிவில் ஒரு பீயும் இரண்டு சீயும். மடித்து மடித்துக் கிழியப்போகும் பெறுபேற்றுத் தாளை ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து நீட்டியபோது அம்மம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். நான் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். பொதுச் சாதாரணப் பரீட்சை, 27. ஏ.எல்லில் மூன்று பாடங்களோடு சேர்த்து எழுதும் பொது அறிவுப் பேப்பர் அது.

மூன்று பாடமும் சித்தியடைந்தாலும் இதில் குறைந்தது 30 புள்ளி இல்லாவிட்டால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி இல்லை. "அது சும்மா பேப்பர், படிக்கத் தேவையில்லை எண்டு சொன்னாங்க சேர்" என்றான். அம்மம்மாவுக்கு நான் இரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது, இரண்டாவது தரம் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. அடுத்த வருடம் திரும்ப எழுதினான், சரி, ஆனால் அதுவரைக்கும் வயல் கூலிக்குத்தான் போனான்.

இவன் கெட்டிக்காரன். தாயோ தகப்பனோ ஆசிரியராக இருக்கும் வீட்டில் இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். இவனுடைய வீட்டில் கம்பஸ் (பல்கலைக்கழகம்) வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. வழி தெரியாமல் நின்ற பிள்ளையைப் படிக்காதவன் என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம், அதுதான் எனக்குத் தாங்காத விசயம்.

இன்னொன்று, கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியை) பார்த்துவிட்டு "எனக்குக் கிடைக்காது" என்று மனம்விட்டுப்போகும் பிள்ளைகள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது அம்பாறையும் இருக்கிறது. ஆகவே எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பாருங்கள், அது பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணிக்கும் இசட் புள்ளியில் இருக்கும். விண்ணப்பத்தில் நாலைந்து தெரிவோடு நிறுத்தாமல் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் பரீட்சை) உண்டு, அதன் அறிவித்தலைத் தவறவிட்டால் நல்ல பெறுபேறு இருந்தும் அந்த இடம் போய்விடும்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். ஓ.எல்லோடு (சாதாரணதரப் பரீட்சையோடு) நின்றவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம் 4 எடுத்தவன் 5, 6 என்று ஏறி 7 இல் பட்டத்துக்கே போகலாம். "மேசன் வேலைக்கா பிள்ளையை அனுப்புறது?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு நான் காட்டுவது இந்தப் படிகளைத்தான்.

அப்புறம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. திருத்த மாதக்கணக்கில் இழுபடும், விண்ணப்ப முடிவுத் திகதி அதற்காகக் காத்திருக்காது. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்கு இந்தக் கிழமையே போங்கள், வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கும் ஒரு தரம் வாருங்கள்.