கொடாப்புக்குள் வளரும் குடல்

சாயல்குடியிலிருந்து தொண்டி வரையிலான கடலோரத்தில், உடை மரமும் சீமைக்கருவேலும் மண்டிய மணல்வெளிகளில், கிடை போட்டிருக்கும் இடங்களைக் காலை நேரத்தில் கடந்து போனால் கொடாப்புகளைப் பார்க்கலாம். தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள், குச்சிகளால் பின்னிக் கவிழ்த்த அந்தக் கூண்டுகளுக்குள் அடைபட்டிருக்கும். உள்ளே ஒரு கொத்து வேப்பங்குழையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். குட்டி அதைத் தின்பதைவிடக் கடித்து இழுத்து விளையாடுவதே அதிகம். ஆனால் அந்த விளையாட்டின்போது வயிற்றுக்குள் இறங்கும் ஓரிரண்டு இலைத்துணுக்குகளுக்கு, குட்டியின் சீரண உறுப்புகளைக் கட்டி முடிப்பதில் பெரும் பங்கு உண்டு.

பிறக்கும்போது குட்டியின் குடல் முழுமை பெற்ற உறுப்பு அன்று. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளே உணவின் சத்தை இரத்தத்துக்குள் சேர்க்கின்றன. அவற்றின் அடிப்பள்ளங்களில் பிறக்கும் புதிய செல்கள் படிப்படியாக மேலேறி, நுனியை அடைந்து, சில நாட்களிலேயே உதிர்ந்துவிடுகின்றன. இப்படி ஓயாமல் புதுப்பிக்கப்படும் சுவர் என்பதால், எந்த உணவு வருகிறது, எந்த நுண்ணுயிர் குடியேறுகிறது என்பதற்கேற்ப அது தன் வடிவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கிறது.

முதலில் வருவது சீம்பால். ஆடு மாடுகளில் நஞ்சுக்கொடியின் வழியாக, நோயை எதிர்க்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் குட்டிக்குச் சேருவதில்லை. நோய் எதிர்க்கும் வலிமை முழுவதும் சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் அப்படியே உள்வாங்கும் திறன் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே இருக்கிறது. அதிலும் முதல் 6 மணி நேரத்துக்குப் பிறகு அது வேகமாகக் குறைகிறது. சீம்பாலில் உள்ள வளர்ச்சிக் காரணிகள் குடலுறிஞ்சிகளை நீளச் செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடக்கூடாது என்று சிலர் இன்றும் காத்திருப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும். குட்டி எழுந்து நின்றதும் மடிக்கு விட்டுவிடுவதே சரி.

அதே வேளையில் நுண்ணுயிர்களும் குடியேறத் தொடங்குகின்றன. தாயின் பிறப்புப் பாதை, நக்கிக்கொடுக்கும் நாக்கு, மடியின் தோல், பட்டியின் மண் எனப் பல வழிகளில் அவை வருகின்றன. பிராணவாயுவைப் பயன்படுத்தக்கூடியவை முன்னதாகப் பெருகி, அங்கிருக்கும் கொஞ்சநஞ்ச வாயுவையும் தீர்த்துவிட, அது இல்லாத இடத்தில் மட்டுமே வாழக்கூடியவை பிறகு பெருகுகின்றன. இவை வெறும் விருந்தாளிகள் அல்ல. நுண்ணுயிரே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலுறிஞ்சிகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் வலை பாதியிலேயே நின்றுபோயிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். அந்த எலிகளுக்கு இயல்பான நுண்ணுயிர்களைக் கொடுத்ததும், நின்றுபோன வளர்ச்சி 10 நாட்களில் நிறைவடைந்தது.

ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்கு இன்னொரு பெரிய வேலையும் காத்திருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட அந்த வயிற்றில், வளர்ந்த ஆட்டுக்கு முதல் அறையே மிகப் பெரியது. பிறந்த குட்டிக்கோ நான்காவது அறைதான் பெரியது. உறிஞ்சிக் குடிக்கும் பால், உணவுக்குழாயின் முடிவில் மடிந்து உருவாகும் ஒரு வாய்க்கால் வழியாக முதல் அறையைத் தொடாமலே நான்காவது அறைக்குப் போய்விடுகிறது. அதனால் பாலை மட்டுமே குடிக்கும் குட்டியின் முதல் அறை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் அப்படியே இருந்துவிடுகிறது. அதை வளர்ப்பது தீனியின் பருமனா, வேறு ஏதேனுமா என்ற கேள்விக்கு 1950களில் கன்றுகளிடம் செய்த சோதனைகள் விடை தந்தன. நெகிழிப் பஞ்சு போன்ற சத்தில்லாத பொருள்களை உள்ளே வைத்தபோது அறை பெரிதானது. ஆனால் சத்தை உறிஞ்சவேண்டிய சிறு முளைகள் சுவரில் வளரவில்லை. நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களை, குறிப்பாகக் கெட்டுப்போன நெய்யின் காறல் வாடைக்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்தை, நேரடியாகச் செலுத்தியபோது அந்த முளைகள் தழைத்தன. ஆக, குழை நுண்ணுயிருக்கு உணவாகிறது. நுண்ணுயிர் வெளிவிடும் அமிலம் வயிற்றுச் சுவருக்கு உணவாகவும் வளரச் சொல்லும் சைகையாகவும் ஆகிறது. என் பார்வையில் இந்த இரண்டு படிகளின் இணைப்புதான் இந்த விஷயம் முழுவதிலும் மிக அழகானது.

இதில் பெரிய ஆடுகளுக்கும் பங்கு உண்டு. முதல் அறையில் வாழும் ஒருசெல் உயிரிகள் பெரும்பாலும் எச்சிலின் வழியே ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் போகின்றன. தாயோடு சேராமல் தனித்து வளர்க்கப்படும் குட்டிகளில் அவை குடியேறுவதே இல்லை. பகலில் கொடாப்பில் இருந்தாலும் மாலையில் தாயிடம் விடப்படும் குட்டி, பாலோடு இவற்றையும் பெற்றுக்கொள்கிறது.

தீனியில் நிதானம் வேண்டும். கோடையில் மண்ணில் உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல் நெற்று சர்க்கரை மிகுந்தது. பெரிய ஆடுகளுக்கு நல்ல தீனிதான். ஆனால் பழக்கப்படாத இளங்குட்டி அதை அளவுக்கு மீறித் தின்றால், விரைவாகப் புளித்து, அமிலம் மிகுந்து, முளைகள் வளரவேண்டிய அதே சுவர் புண்ணாகும். கழிச்சல் கண்ட குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதும் தீங்கானது. நோய்க்கிருமிகளோடு, அப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும் நல்லவையும் அதில் அழிந்துபோகும்.

எல்லாம் முறையாக நடந்தால், இரண்டு மூன்று வாரங்களில் குட்டி கொடாப்புக்குள் படுத்தபடியே, எதையும் கடிக்காமல் தாடையை மெல்ல அசைக்கத் தொடங்கும். அசைபோடும் வயிறு உருவாகிவருகிறது என்பதற்கு வெளியே தெரியும் முதல் அடையாளம் அது.